ஒரே பக்கம் பார்த்த ஆணிகள்

மேசைக்கு முன்னால் நின்று யாராவது தும்மினால் சிவபாதசுந்தரம் முதலில் பார்ப்பது தும்மியவரை அல்ல, தம்முடைய பென்சில்களை. மூன்று பென்சில்கள், கூர் வாசலைப் பார்த்தபடி, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளியில் கிடக்கும். அவை அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்.

கொழும்புக் கோட்டையில், துறைமுகக் காற்று சன்னலால் நுழைந்து கடதாசிகளைப் புரட்டிப் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவர் பழைய பைல்களுக்குப் பொறுப்பான கிளாக்கர். பதினொரு வருடச் சேவை. அந்த அறையில் ஒவ்வொரு பைலின் நாடாவும் இடப்பக்கமே முடிச்சுப் போடப்பட்டிருக்கும்; முடிச்சின் இரண்டு வாலும் கீழே தொங்கும். முடிச்சு வலப்பக்கம் இருக்கிற பைல் எவ்வளவு அவசரமானதாக இருந்தாலும் அவர் அதை அவிழ்த்து, இடப்பக்கம் கட்டி, மறுபடி அவிழ்த்துத்தான் படிப்பார். ஒருநாள் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை அந்த அறைக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். சிவபாதசுந்தரம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வேறு விதமாக எடுத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வயது முப்பத்துநாலு. கலியாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் பெண் வீட்டார் அல்லர். வந்த சாதகங்களை அவர் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். சாத்திரியார் நாழிகையில் பிழை விட்டிருந்தால் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்தும் வைத்துத் திருப்பி அனுப்புவார். ஏழு வீட்டார் அந்தச் சிவப்பு மையோடு கதையை முடித்துக்கொண்டார்கள்.

இருப்பு வெள்ளவத்தையில். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் ஐந்து யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்த சமறி வீடு அது. ஐவரில் மூத்தவர் நமசிவாயம். மனைவி பிள்ளைகளைச் சாவகச்சேரியில் விட்டுவிட்டு வந்து, அந்தத் தனிமையை மற்ற நால்வரையும் பகிடி பண்ணிக் கழிப்பவர். அந்த நால்வரிலும் சிவபாதசுந்தரத்தின்மேல் அவருக்கு விசேஷமான அன்பு. பகிடிக்கு அவ்வளவு நல்ல நிலம் வேறு கிடைக்கவில்லை.

எட்டாவது சம்பந்தத்தை நமசிவாயமே பேசி வந்தார். அவருடைய மனைவிவழியில் உறவு, கொட்டாஞ்சேனையில் தாயோடும் தமையனோடும் இருக்கும் நேசமலர். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் இரு பகுதியாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது என்று இரண்டு கிழமைக்கு முன்பே ஏற்பாடாயிற்று. சிவபாதசுந்தரம் நேரத்துக்கு முன்பே போய், வாசலில் செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். பக்கத்தில் யாரோ விட்டுப்போன செருப்புகள் கோணலாகக் கிடந்தன. அவற்றையும் காலால் நகர்த்தி வரிசைப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே ஒரு பெண் சிரிப்பை வாய்க்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தது இவர்தான்.

அவளுடைய சாதகத்தை மட்டும் சிவபாதசுந்தரம் கூட்டிப் பார்க்கவில்லை. மடித்தபடியே திருப்பிக் கொடுத்துச் சம்மதம் என்றார். நமசிவாயத்துக்கு அதிலேயே முழு விஷயமும் விளங்கிவிட்டது.

அந்த மாதம்தான் சைக்கிளும் சத்தம் போடத் தொடங்கியது.

பச்சை நிற இங்கிலிஸ் சைக்கிள். காலி நகருக்குப் போகிற காலி வீதியால் கோட்டைக்கும் திரும்ப வெள்ளவத்தைக்கும் ஏழு வருடமாக அவரைச் சுமப்பது. ஒழுங்கை முனையில், வீதியோரம், தாஸிம் என்பவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். மாளிகாவத்தையிலிருந்து விடியவே வந்து கடையைத் திறக்கிற மனிதர். முன்பொரு தரம் ரியூப் ஒட்டக் கொடுத்த சைக்கிள் திரும்பி வந்தபோது அதன் மணி சற்றே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அன்றைக்கே கடை வாசலில் நின்று, இனி என் சைக்கிளில் இன்னொருவர் கைபடாது என்று சிவபாதசுந்தரம் அறிவித்தார். தாஸிம் நல்லது ஐயா என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். அதன்பின் இருவருக்கும் இடையில் காலையில் ஒரு தலையசைப்பு, மாலையில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

சத்தம் சைக்கிளின் நடுவிலிருந்து வந்தது. இரண்டு பெடல் தண்டுகளையும் ஒன்றாக இணைக்கிற அச்சு ஒரு குழாய்க்குள் ஓடுகிறதே, அந்த இடம். வலது கால் இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்றது. மற்றவர்கள் என்றால் மழைக்காலம் முடியட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் புறக்கோட்டைக்குப் போய்ப் புதிய அச்சு, அதற்கு இரண்டு பக்கமும் மூடும் கிண்ணங்கள், அவற்றுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள், தண்டுகளை அச்சோடு இறுக்கும் கொட்டர் ஆணிகள் இரண்டு எல்லாவற்றையும் வாங்கி வந்தார். பெட்டிக்குள் இங்கிலிசில் ஒரு விளக்கத் தாளும் இருந்தது. அதை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் அடிக்கோடிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் பத்திரிகைத் தாள்களை விரித்து வேலையைத் தொடங்கினார். பழைய குண்டுகள், பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் சிறு கடதாசியில் பொதிந்து இலக்கம் எழுதினார். போடப்போவது புதிது, எறியப்போகிற பழசுக்கு ஏன் இலக்கம் என்று நமசிவாயம் கேட்டார். றெக்கோட்டுக்கு என்று பதில் வந்தது.

வலப்பக்கக் கிண்ணம் கழலவில்லை. சமறியில் பலசாலி என்று பெயரெடுத்தவர் வந்து முழுப்பலத்தோடு திருகினார். கிண்ணம் இன்னும் இறுகியதுதான் மிச்சம். சிவபாதசுந்தரம் விளக்கத் தாளைக் கொண்டுவந்து, அந்தக் கிண்ணத்தின் திருகுப் புரி மட்டும் மாறானது, மற்ற எல்லாவற்றையும் இறுக்குகிற பக்கமாகத்தான் அதைக் கழற்ற வேண்டும் என்ற வரியை உரக்க வாசித்துவிட்டு, அந்தப் பக்கமாகத் திருகு சாவியைப் போட்டு அழுத்தினார். கிண்ணம் ஒரு முனகலோடு இடம் விட்டது. மத்தியானச் சாப்பாட்டில் அதை மூன்று தரம் சொன்னார்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கிறீஸ் பூசிய கிண்ணத்தில் புதிய குண்டுகள் பிளந்த மாதுளைக்குள் முத்துகள்போல ஒட்டி உட்கார்ந்தன. இடப்பக்கக் கிண்ணத்தை அதிகம் இறுக்கினால் அச்சு சுழல மறுத்தது, தளர்த்தினால் ஆடியது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவில் ஒரு நிலை இருந்தது. அதைக் கண்டுபிடித்துப் பூட்டு வளையத்தையும் இறுக்கினார். தாஸிம் செய்திருந்தாலும் அதைவிடத் திறமாகச் செய்திருக்கமாட்டார். அரிதான வேலையில் இப்படி வென்றதால்தான் எளிதான வேலையில் அவருக்குச் சறுக்கியது.

கடைசி வேலை கொட்டர் ஆணி. பெடல் தண்டின் தலையில் குறுக்காக ஒரு துளை. அச்சின் நுனியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சரிவாயுள்ள ஆணியை அந்தத் துளைக்குள் அடித்தால் அது அச்சின் தட்டையோடு நெருக்கிக்கொண்டு நிற்கும். மெல்லிய நுனியில் சுரை என்கிற நட்டு ஒன்றைப் போட்டு முறுக்கினால் முடிந்தது. விளக்கத் தாள் இதைப்பற்றி ஒரே ஒரு வரிதான் சொன்னது: 'தண்டுகளை வழக்கம்போல் பூட்டுக.'

வழக்கம்போல் என்றால் யாருடைய வழக்கம்? சிவபாதசுந்தரத்துக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கழற்றும்போதே அவர் கவனித்திருந்தார்: பழைய ஆணிகளில் ஒன்றின் சுரை முன்பக்கம் பார்த்தது, மற்றதன் சுரை பின்பக்கம் பார்த்தது. இந்த அலங்கோலத்தின்மேல் ஏழு வருடமாகக் கால் வைத்துக்கொண்டு போயிருக்கிறோமே என்று அவருக்குக் கூசியது. புதிய ஆணிகள் இரண்டையும் சுரை முன்பக்கம் பார்க்கும்படி அடித்தார். நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம், ஒரே உயரம், பைல் நாடா மாதிரி. தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் சைக்கிள் 'டக்' என்ற சத்தமின்றி ஓடியது. ஆனால் வேறொன்று நேர்ந்தது. ஆணிகள் இரண்டும் ஒரு பக்கமாக நெருக்கியதில் தண்டுகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக நிற்கவில்லை. ஒன்று சற்று முந்தி நின்றது. வலது கால் அடியில் போய்ச் சேர்ந்து காத்திருக்கும். இடது கால் இன்னும் உச்சியை அடைந்திருக்காது. அடைந்ததும் அவசரமாக இறங்கும். இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் போகும். அதைச் சமாளிக்கத் தலை மறுபக்கம் போகும். புதுச் சாமான், பழகும்வரை இப்படித்தான் என்று அவர் தீர்மானித்தார். சப்பாத்து வாங்கினாலும் இதுதானே கதை. இரண்டாம் கிழமை முடிவதற்குள் சைக்கிள் பழகவில்லை, உடம்பு பழகிவிட்டது. பிறகு அவருக்கு எதுவுமே தெரியவில்லை. காலி வீதியில் பின்னால் வரும் பஸ்காரருக்குத்தான், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் சொல்வதையெல்லாம் ஓமோம் என்று ஒப்புக்கொண்டு போகிற மனிதராக அவர் தோன்றினார்.

கந்தோரில் இதைப்பற்றிப் பேசாத நாள் இல்லை. புரி மாறிய கிண்ணத்தின் கதையைத் தபால்காரர்கூட அறிந்திருந்தார்.

மூன்றாம் கிழமையும் முடிந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சிவபாதசுந்தரம் கேட்கவில்லை. ஆனால் நமசிவாயம் வீட்டுக்குள் நுழையும் நேரங்களில் அவர் ஏதோ ஒரு காரணத்தோடு முன்கதவுக்குப் பக்கத்தில் நிற்பது வழக்கமாயிற்று. சனிக்கிழமை பின்னேரம் நமசிவாயம் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பியபோதும் நின்றார். அன்றைக்கு நமசிவாயத்தின் முகத்தில் பகிடி இல்லை.

"தம்பி, கோவிக்காதை. உன்ரை இடக்கால்..."

"இடக்காலுக்கு என்ன?"

"அதைத்தான் அவையும் கேக்கினம்."

நடந்தது இதுதான். மாப்பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஆள் வைத்து விசாரிப்பது பெண் வீட்டாரின் உரிமை. நேசமலரின் தமையன் கனகநாயகம் அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீட்டு வலன்ரைனிடம் கொடுத்தார். வலன்ரைன் பம்பலப்பிட்டியில் வேலை பார்ப்பவர். காலி வீதியோரம் நின்று மூன்று நாள் காலையில் ஆளைப் பார்த்தார். அறிக்கை எல்லா வகையிலும் நன்றாகவே இருந்தது. வெற்றிலை இல்லை, சுருட்டு இல்லை, வீதியில் நின்று யாரோடும் வம்பளப்பதில்லை. ஆனால் பாவம், இடது கால் கட்டை, வாதமாகவும் இருக்கலாம், பெடலை மிதிக்க மனிதர் படுகிற பாட்டைப் பார்த்தால் நெஞ்சு உருகும்.

நேசமலரின் தாயார் சிவக்கொழுந்து அதைக் கேட்டுவிட்டு, குறை இருந்தால் இருக்கட்டும், அதை மறைத்ததுதான் மனதுக்கு ஒப்பவில்லை என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடம் பார்க்கத் தொடங்குவார்களாம்.

சிவபாதசுந்தரம் அறைக்குள் போய்க் கட்டிலில் நீட்டிப் படுத்து, நமசிவாயத்திடம் அளவு நாடாவின் ஒரு முனையைக் கொடுத்தார். இடுப்பெலும்பிலிருந்து குதிக்கால்வரை அளந்தார்கள். இடது கால் கால் அங்குலம் குறைந்தது. மறுபடி அளந்தார்கள். இப்போது வலது கால் குறைந்தது. மூன்றாம் தரம் இரண்டுமே முந்தியதைவிடக் கூடின. அரசாங்கத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவருக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைத்தால் எதை நம்புவது என்று தெரியவில்லை, மோசமானதை நம்பினார்.

திங்கட்கிழமை கந்தோருக்கு பஸ்ஸில் போனார். இறங்கி நடக்கையில் எந்தக் கால் முன்னே போகிறது, எந்தக் கால் பின்னால் இழுபடுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். முப்பத்துநாலு வருடமாகத் தாமாகவே நடந்த கால்கள், யாரோ மேற்பார்வைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் தடுமாறத் தொடங்கின. மாடிப் படியில் ஒரு சக கிளாக்கர் அவருடைய கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். தாஸிம் கடை வாசலில் ஒரு சில்லைக் கையால் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையசைத்தார். இவர் தலையசைத்துவிட்டு நகரவில்லை.

தாஸிம் எழுந்து வந்தார். "ஐயா, நான் ஒண்டு சொன்னா கோவிச்சிக்கிறல்லயே?"

"என்ரை காலைப் பற்றியோ?"

"காலுக்கு ஒண்டும் இல்ல. சைக்கிளுக்குத்தான் நொண்டி." குனிந்து இரண்டு சுரைகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். "ரெண்டு பின்னும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு ஈக்கி. ஒண்டு அங்கிட்டுப் பாக்கோணும், மத்தது இங்கிட்டுப் பாக்கோணும். மூணு கெழமயா பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறன்."

ஏன் சொல்லவில்லை என்று சிவபாதசுந்தரம் கேட்டார்.

"கை படப்போடாதுண்டு நீங்கதானே சொன்னீங்க. வாயப்பத்தி ஒண்டும் சொல்லல்லதான். ஆனா எனக்கும் காலங்காத்தால ஒரு சிரிப்பு வேணுமே."

சொல்லிவிட்டு, ஐந்து நிமிட வேலை, உள்ளே கொண்டுவாருங்கள் என்று சாவியை எடுத்தார். சிவபாதசுந்தரம் சைக்கிளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மன்னிக்க வேண்டும், இப்போது தொடக்கூடாது என்றார். தாஸிம் சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்பச் சுவரில் மாட்டினார். அவர் விளங்கிக்கொண்டது பழைய வீம்பு என்று. உண்மை அதுவல்ல. இந்த வழக்கில் சிவபாதசுந்தரத்தின் கையில் இருந்த ஒரே சான்று அந்தக் கோணல்தான். சைக்கிளைத் திருத்திவிட்டு நேராக ஓடிக் காட்டினால் கொட்டாஞ்சேனையில் என்ன சொல்வார்கள்? மூன்று நாள் எண்ணெய் தேய்த்துச் சமாளித்து வந்திருக்கிறார் என்பார்கள். விசாரணை முடியுமுன் மூலப் பத்திரத்தில் கைவைக்கக்கூடாது என்பது பைல் அறையின் முதல் விதி.

நமசிவாயம் வேறு யோசனை வைத்திருந்தார். கணுக்கால் சுளுக்கியிருந்தது, இப்போது சுகம் என்று சொன்னால் போதும்; எல்லார் மரியாதையும் இருந்த இடத்திலே இருக்கும். சிவபாதசுந்தரம் அதற்குச் சம்மதிக்கவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சுரை திருகும் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திருத்தாத சைக்கிளில் ஏறினார். இப்போது விஷயம் தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு மிதிப்பும் வெட்கமாக இருந்தது. காலிமுகத்திடலில் எதிர்க்காற்று. கோட்டையைத் தாண்டும்போது தம் கந்தோர்ச் சன்னல்களைப் பார்க்காமல் போனார். கொட்டாஞ்சேனையில் ஒழுங்கை முனையில் நமசிவாயம் பஸ்ஸில் முந்தி வந்து, எதற்கும் தயாரான முகத்தோடு நின்றார்.

முன்னறையில் தேத்தண்ணி வந்தது. கனகநாயகம் மழையைப் பற்றிக் கதைத்தார். உள்ளறை வாசலில் தொங்கிய சீலைத் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. சிவபாதசுந்தரம் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி எடுத்துக்கொண்டு, அச்சு, தட்டை, சரிவு, ஆணி என்று விளக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் விளக்கினார். புரி மாறிய கிண்ணத்தையும் விடவில்லை. சிவக்கொழுந்து அம்மாள் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"எல்லாம் சரி தம்பி. குறை நினைக்காதேங்கோ, உதிலை ஒருக்கா நடந்து காட்டுங்கோவன்."

பெண்ணைத்தான் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். எழுந்தார். எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தார். யோசித்தது தவறு. சுவர் வரை போய்த் திரும்புவதற்குள் இரண்டு தரம் காலடி பிசகி, முக்காலியில் இடித்து, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சிவக்கொழுந்து அம்மாள் சிவசிவா என்று மெல்லச் சொல்லிக் கண்ணை மூடினார். நமசிவாயம் கோப்பைக்குள் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு வலன்ரைன், வாசலில் நின்ற பச்சைச் சைக்கிளை அடையாளம் கண்டு, குற்ற உணர்ச்சியோடு எட்டிப் பார்த்தார். சிவபாதசுந்தரத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக விளக்கத் தாள் இல்லாமல் ஒரு யோசனை வந்தது. வலன்ரைனிடம் போய்ச் சைக்கிளில் ஏறி ஒழுங்கை முனைவரை ஒருக்கால் போய் வரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

வலன்ரைன் நல்ல உடம்புக்காரர். கால் இரண்டும் தேக்கங்கட்டை மாதிரி. அவர் ஏறி மிதித்தார். இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, தலை மறுபக்கம் போயிற்று. ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, தோணியில் நிற்கிற மனிதரைப்போல ஆடி ஆடிப் போய், முகம் சிவக்கத் திரும்பி வந்தார்.

சிவக்கொழுந்து அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உண்மையான கவலையோடு கேட்டார்: "வலன்ரைன், உனக்கும் எப்ப தொடக்கம் உது?"

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே அமுங்கியது. கனகநாயகமும் சிரித்தார். குனிந்து ஆணிகளைப் பார்த்தார். பிறகு சிரிப்பு மாறாமலே, ஆனால் கண்ணை நேராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவு மோட்டு வேலையை ஆர் பாத்தது?"

நமசிவாயம் முந்திக்கொண்டார். "அது வெள்ளவத்தையிலை ஒரு சைக்கிள் கடை..."

மிகுதியைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கடைக்காரர்களைப் பற்றி என்றால் யாரும் எதையும் நம்புவார்கள். தாஸிமுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியவராது. சிவபாதசுந்தரம் தலையை மட்டும் அசைத்திருந்தால் போதும். மூன்று கிழமையாக ஒத்துப்போய்ப் பழகிய தலை அது. திரைக்குக் கீழே இருந்த பாதங்கள் அசையாமல் நின்றன. கால் சரி என்று தெளிந்தாயிற்று. இனிக் கைக்கும் புத்திக்கும் உள்ள பெயரைத் தாமே கெடுத்துக்கொள்வதா?

"கடைக்காரர் இல்லை, நான்தான்," என்றார்.

அவர் தொடர்ந்தார். "முந்தி ஒண்டு முன்னுக்கும் ஒண்டு பின்னுக்கும் பாத்துக்கொண்டு இருந்தது. ரெண்டும் ஒரு பக்கம் பாத்தால் வடிவாய் இருக்கும் எண்டு நினைச்சன். வடிவாய்த்தான் இருந்தது. ஓடத்தான் இல்லை. பிழையைக் கண்டுபிடிச்சதும் நான் இல்லை. தாஸிம் எண்டு எங்கடை ஒழுங்கை முனையிலை கடை வைச்சிருக்கிறவர். அவரையும் ஒருக்கா வாசலிலை நிண்டு காரணமில்லாமல் ஏசினனான். அதுவும் பிழை."

திரை விலகியது. நேசமலர் வாசல்படிக்கு வந்து சைக்கிளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற பார்வை அது.

"அப்ப, இஞ்சையே திருத்திப்போட்டுப் போங்கோவன்," என்றாள்.

தாயார் அவளைப் பார்த்தார். தமையன் தாயாரைப் பார்த்தார். அவளை உள்ளே போகச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்குமுன் சிவபாதசுந்தரம் முற்றத்தில் குந்திவிட்டார். வலன்ரைன் ஓடிப்போய்ச் சுத்தியல் கொண்டுவந்தார். இடப்பக்கச் சுரையைக் கழற்றி, ஆணியின் நுனியில் அடிக்க ஓங்கும்போது நேசமலர் நிறுத்தச் சொன்னாள். தண்டுக்குக் கீழே முண்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் புதிய குண்டுகளில்தானே விழும் என்றாள். அது விளக்கத் தாளிலும் இல்லாத விஷயம். குசினிக்குப் போய் ஒரு விறகுக் கட்டையைக் கொண்டுவந்து தண்டுக்குக் கீழே தானே நிமிர்த்திப் பிடித்தாள். இரண்டு அடி. ஆணி கழன்றது. மறுபக்கத்தால் நுழைத்து, மறுபடி இரண்டு அடி, சுரை, சாவி.

தண்டுகள் இப்போது ஒரே நேர்கோட்டில் நின்றன. சுரைகள் ஒன்று வடக்கையும் ஒன்று தெற்கையும் பார்த்தன. சிவபாதசுந்தரம் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணுக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருந்தது. நேசமலர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே அவர் முகம் திரும்பியதையும் கவனித்தாள்.

விடைபெற்றுக்கொண்டு அவர் ஏறினார். வீட்டார் எல்லோரும் வாசலில் நின்றார்கள். சைக்கிள் நேராகத்தான் இருந்தது. ஆனால் மூன்று கிழமையாகப் பழகிய உடம்புக்கு யாரும் அறிவித்தல் அனுப்பவில்லை. வலது கால் அடியில் போய்ச் சேர்ந்ததும் இடுப்பு பழைய ஞாபகத்தில் ஒரு பக்கம் போயிற்று. தலை மறுபக்கம் போயிற்று.

"பிள்ளை, அவர் இன்னும் ஆடுறாரே," என்ற சிவக்கொழுந்து அம்மாளின் குரல் பின்னால் கேட்டது.

"ஆடட்டும் அம்மா. மூண்டு கிழமைப் பழக்கத்தை ஒரு பின்னேரத்திலை விடேலுமே? போகப் போகச் சரிவரும்." அவள் அதைச் சொன்ன குரல், பக்கத்தில் நின்ற தாயாருக்குத் தேவையானதைவிட நிறையவே பலமாக இருந்தது.

நமசிவாயம் பஸ்ஸுக்குப் போகச் சைக்கிளின் பக்கத்தில் எட்டு வைத்து நடந்து வந்தார். "கேட்டதோ?" என்றார்.

"என்னது?"

"போகப் போக எண்டு சொல்லுறாள். எவ்வளவு தூரம் எண்டு திரும்பிப் போய் ஒருக்கா கேட்டுக்கொண்டு வரட்டோ?"

சிவபாதசுந்தரத்தின் முகம் காதுவரை சிவந்திருந்தது. ஒழுங்கை திரும்புகிற இடத்தில் சற்று வேகமாக மிதிக்கப் பார்த்தார். இனி வராத ஒரு தாமதத்துக்காக இடது கால் நல்ல பிள்ளைபோலக் காத்து நின்றது; பெடல் அதைத் தாண்டிப் போய்விட்டது.